ஃபார்மேட் போடுவதற்கு முன்

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி எஸ்டேட் பக்கம் நடந்தால், பவர் பிரஸ் இறங்கும் சத்தம் தெருவிலேயே கேட்கத் தொடங்கிவிடும். 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்று ஐ.டி. கட்டடங்களும் எழுந்துவிட்டன. ஆனாலும் உள் தெருக்களில் லேத்தும் பிரஸ்ஸும்தான். அந்தப் பட்டறைகளிலும் மூலையில் ஒரு கணினி உண்டு. பில், சலான், ஈ-வே பில் எல்லாம் அதில்தான். அது நின்றால் சரக்கு ஏற்றிய வண்டியும் கேட்டிலேயே நிற்கும்.

நான் போனது தகட்டை அழுத்தி உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன யூனிட். "திடீர் திடீர்னு ஹேங் ஆயிடுது தம்பி. ரெண்டு தடவை ஃபார்மேட் போட்டாச்சு, ராமும் மாத்தியாச்சு. மறுபடியும் அதே கதைதான்" என்றார் உரிமையாளர்.

ஆவடியிலிருந்து வந்திருந்த சர்வீஸ் இளைஞர் ஸ்க்ரூடிரைவரைத் தொடவில்லை. பில் போடும் அக்காவிடம் போய் உட்கார்ந்தார். "நிக்கும்போது மவுஸ் நகருதாக்கா? கேப்ஸ் லாக் அழுத்துனா லைட் எரியுதா?"

"மவுஸ் நகரும். கிளிக் பண்ணாதான் ஒண்ணும் ஆகாது. கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடும். சில நாள் சரியாகவே ஆகாது, ஆஃப் பண்ணித்தான் போடணும்."

பாதி நோய் இந்தப் பதிலிலேயே தெரிந்துவிட்டது. மவுஸும் நகராமல், கேப்ஸ் லாக் விளக்கும் எரியாமல் போனால் இயங்குதளத்தின் கருவான கெர்னலே நின்றுவிட்டது என்று சந்தேகிக்கலாம். ராம், மதர்போர்டு, மின்சாரம், டிரைவர் என்று தேட வேண்டும். மவுஸ் மட்டும் நகர்கிறது என்றால் புராசஸர் உயிரோடுதான் இருக்கிறது, வேறு எதற்கோ காத்துக்கிடக்கிறது. பெரும்பாலும் டிஸ்க்குக்கு. தினமும் அந்த நாற்காலியில் உட்காருபவரிடம் கேட்காமல் கணினியைக் கழற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த கேள்வி, வேலை பார்க்கும்போது நிற்கிறதா, சும்மா இருக்கும்போதா என்பது. இதற்கும் காரணம் உண்டு. இன்டெலின் பே டிரெயில் வகைப் புராசஸர்கள் லினக்ஸில் சும்மா இருக்கும்போதே உறைந்துபோனது பல காலம் பலரையும் அலைக்கழித்தது. மின்சாரம் மிச்சம் பிடிக்க ஆழ்ந்த உறக்கநிலைக்குப் போன புராசஸர் திரும்பி எழவில்லை. அந்த உறக்கத்தைத் தடுக்கும் ஒரு வரியை பூட் அமைப்பில் சேர்த்துத்தான் பலர் சமாளித்தார்கள். நேரமும் அப்படித்தான் துப்புக் கொடுக்கும். விண்டோஸ் 95, 98 இரண்டும் தொடர்ந்து 49.7 நாள் ஓடினால் நின்றுபோகக்கூடியவை. மில்லிசெகண்டை எண்ணும் 32 பிட் கணக்கு அந்த நாளில் நிரம்பிவிடும்.

இங்கே நிற்பது வேலை நேரத்தில். விண்டோஸ் தன் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்தார் சர்வீஸ் இளைஞர். 41 என்ற எண்ணோடு சிவப்புப் பதிவுகள். இதைப் பார்த்ததும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று அதை மாற்றிவிடுபவர்கள் நிறைய. ஆனால் போன முறை ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அந்தப் பதிவு பெரிதாக எதுவும் சொல்வதில்லை. அவர் தேடியது 129-ஐ. டிஸ்க் பதில் தராததால் இணைப்பை ரீசெட் செய்தேன் என்று விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு அது. வரிசையாக இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஒரு நாளும் இல்லை. அக்கா அப்போதும் பில் போடுவாராம். ஓடாமல் இருப்பது பிரஸ் மட்டும்தான்.

ஃபார்மேட் போட்ட இரண்டு முறையும் அதற்கு முந்தைய பதிவுகள் அழிந்திருந்தன. ஆனால் டிஸ்க் தன்னைப் பற்றித் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஸ்மார்ட் என்கிற அந்தக் கணக்கு ஃபார்மேட்டில் அழியாது. அதைத் திறந்து காட்டினார். கெட்டுப்போன செக்டார் எதுவும் இல்லை. 199-ஆவது வரியில், சிஆர்சி பிழை எண்ணிக்கை மட்டும் ஏறியிருந்தது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்து வந்த தடவைகளின் கணக்கு இது. டிஸ்க் நன்றாக இருந்து இந்த எண் மட்டும் ஏறினால் முதலில் கேபிளைத்தான் பார்க்க வேண்டும்.

பிறகுதான் மூடியைக் கழற்றினார். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக உலோகத் தூசி. பிரஸ் அறையை ஒட்டிய சுவரோரத் தரையில்தான் சிபியு இருந்தது. மேலே கை வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் அதிர்வு தெரிந்தது. சிவப்பு சாட்டா கேபிளின் முனையில் உலோகக் கொக்கி இல்லை, வெறும் பிடிமானத்தில் செருகியிருந்தது. விரலால் லேசாகத் தள்ளினேன், அசைந்தது. கொக்கியுள்ள புதுக் கேபிளைப் போட்டு, வேறு போர்ட்டுக்கு மாற்றி, சிபியுவை எதிர்ச் சுவரோரம் ஸ்டாண்டில் ஏற்றினார்கள்.

"கேபிள் விலைக்கா இவ்வளவு நாள் வண்டி நின்னுச்சு!" என்றார் உரிமையாளர்.

199-இன் எண் குறையாது, அது ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி. அன்றைய எண்ணைத் தேதியோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினார் சர்வீஸ்காரர். தினமும் சாயங்காலம் பார்த்துக் குறித்துவைப்பதாக அக்கா ஒப்புக்கொண்டார். எண் ஏறினால் அடுத்தது டிஸ்க்குக்கான மின் இணைப்பு, அதற்கும் அடங்காவிட்டால் மதர்போர்டில் உள்ள போர்ட்.