சருகுக்குள் ஒரு வேட்டைக்காரி

இராஜபாளையத்திலிருந்து மேற்கே அய்யனார் கோவிலுக்குச் செல்லும் சாலை, தோப்புகளைக் கடந்து ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தை அடைகிறது. நகரத்துக்குக் குடிநீர் தரும் தேக்கம் இது. அதற்கப்பால் மலைக்காடு.

அருவியைக் காண விரைவோர் காலடிச் சருகை நோக்குவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சருகுகளிடையே குதிக்கும் எறும்பு என்றோர் இனம் வாழ்கிறது. சென்னை மாகாணப் படையில் மருத்துவராயிருந்த ஜெர்டன் 1851-ல் இதனை விவரித்தெழுதினார். பெரிய கண்கள்; இடுக்கி போல் நீண்ட தாடைகள். தனியே சென்று, இரையைக் கண்டதும் சில அங்குலம் பாய்ந்து பற்றிக் கொட்டி மரக்கச் செய்கிறது. நீதிமொழிகள் நூல் புகழும், கோடையில் உணவு சேர்க்கும் எறும்பு இதுவன்று.

இராணி இறந்தால் வேலைக்கார எறும்புகள் உணர்கொம்புகளால் பல நாள் பொருதுகின்றன. வென்றவை முட்டையிடுகின்றன. ஏறக்குறைய 7 மாத ஆயுள் 4 ஆண்டுவரை நீள்கிறது, மூளையோ சுருங்குகிறது! பதவி பறிபோனால் மூளை மீண்டும் வளர்வதாக 2021-ல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. (இதைப் படிக்கும் வாசகர் யாரை நினைப்பாரோ, யானறியேன்.)

அதே ஆண்டில் இக்காடுகள் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாயின. புலிக்குக் காவல் வந்தது, நன்று. ஆயினும் கோடையில் நாம் அணைக்காது எறியும் ஒரு பீடித்துண்டு சருகையும் அதனுள் வாழ்வனவற்றையும் எரிக்கப் போதும். எரிந்த சரிவில் விழும் மழை நிலத்தில் ஊறாது, மண்ணை அரித்துக்கொண்டு கீழே நீர்த்தேக்கத்தை நோக்கி ஓடுகிறது.