விறலிக்கு வழி சொன்னவள்

சென்னையில் ஒரு சிறிய காட்சிக்கூடத்தில் ஐந்து இளம் பெண்களின் ஓவியக் கண்காட்சி நடந்தது. ஒவ்வொருவரைப் பற்றியும் நூறு சொற்களில் ஒரு குறிப்பு எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். வாங்க வருகிறவர்கள் படத்தை மட்டும் பார்ப்பதில்லை, வரைந்தவரின் கதையையும் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்றார் மேலாளர். கவிதை எழுதுகிறவள், தமிழ் நடத்துகிறவள், எழுதிவிடுவாள் என்று நம்பினார்கள். நானும் நம்பினேன்.

ஐவரில் ஒருத்தி கும்பகோணத்தில் ஓவியம் படித்தவள். சேலைப் பெட்டி அட்டைகளைப் பிரித்து, சாம்பல் நிற உட்பக்கத்தில் கறுப்பு மையால் கால்களை மட்டும் வரைந்திருந்தாள். ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்று சேலை எடுத்துப் போடும் பெண்களின் கால்கள். வீங்கிய கணுக்கால், புடைத்துச் சுருண்ட நரம்பு, செருப்பிலிருந்து உருவி மற்றக் காலின்மேல் ஒரு நொடி சாய்த்துவைத்த பாதம். நரம்பை அவள் கோடாக இழுக்கவில்லை. சுற்றிலும் நெருக்கமாகக் கோடுகள் போட்டு, நரம்பு ஓடும் இடத்தை அட்டையின் நிறத்திலேயே விட்டிருந்தாள். மை படாத இடம்தான் வலித்தது.

நான் இதை எழுதவில்லை. அவள் டீ குடித்தபடி என்னிடம் சொன்னதை எழுதினேன். அப்பா விட்டுப் போனது, அம்மா பதினெட்டு வருடம் ஜவுளிக்கடையில் நின்றது, கல்லூரிக் கட்டணத்துக்காக இவளும் விடுமுறையில் அதே கடையில் நின்றது, அட்டை அங்கிருந்து வந்தது. உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தபோது அவள் அம்மாவின் கால் கெட்டுப்போயிருந்தது. அதையும் சேர்த்தேன். நல்ல குறிப்பு என்று எல்லோரும் சொன்னார்கள்.

முதல் நாள் மாலையே அவளுடைய நான்கு படங்களின் கீழே சிவப்புப் பொட்டு ஒட்டிவிட்டார்கள். வாங்கியவர்கள் என் குறிப்பைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தார்கள். ஒருவர் அவள் கையைப் பிடித்துக் கண் கலங்கினார். கோட்டைப் பற்றி, மையைப் பற்றி, ஏன் முகம் இல்லை என்பதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு அவள் கேட்டாள்: “அக்கா, அவங்க படத்த வாங்கினாங்களா, எங்கம்மாவ வாங்கினாங்களா?”

கடைசி நாள் அவள் அம்மா வந்திருந்தார். மகளின் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ அடையாளம் சொல்லிவிட்டார்கள்போல. இரண்டு பேர் அவர் பக்கம் திரும்பி, முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தார்கள். அந்த அம்மா சேலையை இடுப்பில் தளர்த்திக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார். அடுத்த பேருந்துக்குக் கிளம்பிவிட்டார்.

அன்றிரவு எனக்குச் சிறுபாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது. எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியது. பாணன் வீட்டு வறுமையைச் சொல்லுமிடத்தில், பசித்த பெண் ஒருத்தி குப்பைக் கீரை பறித்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடுவார்களே என்று வெட்கி வாசலை அடைத்துக்கொண்டுதான் சுற்றத்தோடு உண்கிறாள். வறுமையை எவ்வளவு நுட்பமாகச் சொல்லிவிட்டார் புலவர் என்று மாணவிகளிடம் வியந்திருக்கிறேன். அவள் அடைத்த கதவைப் புலவர் நமக்குத் திறந்துவிட்டார் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. இப்போது நானும் ஒரு கதவைத் திறந்துவிட்டேன்.

ஆனால் ஆற்றுப்படையில் இன்னொன்றும் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்ற கலைஞர் பெறாத கலைஞருக்கு வழி சொல்வது அதன் அமைப்பு. புறநானூற்றில் ஔவையார், வழியில் தனியே உட்கார்ந்திருக்கும் விறலியை அதியமானிடம் போகச் சொல்கிறார். இந்தப் பாட்டுகள் யாரிடம் பேசுகின்றன என்று கவனியுங்கள். வள்ளலிடம் போய், ‘இவள் பாவம், வாங்கிக்கொள்’ என்று சொல்வதில்லை. கலைஞரிடம் வள்ளலைப் பற்றிச் சொல்கின்றன. எந்த வழியாகப் போக வேண்டும், அவன் எப்படிப்பட்டவன், எப்படி வரவேற்பான், என்ன தருவான். விசாரிக்கப்படுகிறவர் கொடுப்பவர். நான் செய்தது இதற்கு நேர் எதிர்.

பெண் கலைஞர் என்றால் இது கூடுதலாக நடக்கிறது. சென்னையில் ஓவியம் படித்த டி.கே. பத்மினி 1969இல், முப்பது வயதுக்குள், பிரசவத்தில் இறந்தார். அவரைப் பற்றிய பேச்சு அந்த மரணத்தில்தான் தொடங்குகிறது. பல நேரம் அங்கேயே நின்றும்விடுகிறது. படங்களுக்கு வந்து சேர்வதற்குள் கேட்பவர் இரக்கப்பட்டு முடித்துவிடுகிறார்.

கதையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான்கு படம் விற்ற பணத்தில், காட்சிக்கூடம் நாற்பது விழுக்காடு எடுத்த பிறகும், அவளுக்கு ஏழு மாத அறை வாடகை கிடைத்தது. அந்த வாடகையை நான் எழுதிய கதைதான் கட்டியது. அதனால்தான் இது எனக்கு எளிதான விஷயமாக இல்லை.

இப்போது யாராவது குறிப்புக் கேட்டால், வரைந்த பெண்ணிடம் எழுதியதைக் காட்டுகிறேன். எதை எடுக்கச் சொல்கிறாளோ அதை எடுத்துவிடுகிறேன். பிறகு வழி சொல்கிறேன். வாங்குகிறவர் யார், வேறென்ன வாங்கியிருக்கிறார், படம் எங்கே மாட்டப்படும், பின்னால் ஒரு கண்காட்சிக்குக் கேட்டால் தருவாரா என்று கேள். கழிவு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கு. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 53அ என்றொரு பிரிவு இருக்கிறது. நீ விற்ற மூலப்படம் பின்னால் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் அதில் உனக்கும் பங்கு உண்டு. அது பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, ஆனால் உண்டு. யாரிடம் விற்றாய் என்று தெரிந்தால்தானே அதைக் கேட்கவே முடியும்? முகவரியை வாங்கிவை.

அடுத்த கண்காட்சிக்கு அவளே குறிப்பு எழுதினாள். ‘சேலைப் பெட்டி அட்டையில் கறுப்பு மை. 14 x 10 அங்குலம். நிற்பவர்களைப் பார்த்து வரைந்தது.’ அவ்வளவுதான். ஒரு படம்தான் விற்றது.

வாங்கியவர் ஓய்வுபெற்ற ஒரு பெண் மருத்துவர். படத்தின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, நரம்பை வரையாமல் விட்டது எப்படி என்று கேட்டார். இவள் ஒரு துண்டு அட்டையில் கோடு போட்டுக் காட்டினாள். பிறகு இவள் கேட்டாள்: “எங்க மாட்டுவீங்க மேடம்?” அவர் சிறிது யோசித்துச் சொன்னார். நான் கொஞ்சம் தள்ளி நின்றிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. நான் கேட்க வேண்டியதும் இல்லை.

அந்த மாத வாடகைக்கு அவள் என்னிடம் கடன் வாங்கினாள்.