முள் மரத்தின் முதல் வாடிக்கையாளர்

விறகுக் கடையில் சண்டை தராசில்தான் தொடங்கும். விலை பேசும்போது கல்யாணச் சமையல் மாஸ்டரும் சரி, பரோட்டாக் கடைக்காரரும் சரி, சிரித்த முகமாகத்தான் இருப்பார்கள். கட்டைகள் தட்டில் ஏறி, தராசு முள் நேராக நின்றதும், ஒருவர் குனிந்து ஒரு கட்டையை எடுப்பார். வெட்டுமுகத்தை மூக்கருகே கொண்டுபோவார். "என்னண்ணே, நேத்து வெட்டுனதா?" என்பார். அதன்பிறகு அரை மணி நேரம் போய்விடும்.

மதுரைக்குத் தெற்கே அருப்புக்கோட்டை சாலையோரம் என் சித்தப்பா விறகுக் கடை வைத்திருந்தார். கல்லூரி விடுமுறையில் கல்லாவில் உட்காருவது என் வேலை. விற்றது பெரும்பாலும் சீமைக்கருவேலம். கொஞ்சம் சவுக்கு, எப்போதாவது புளி, வேம்பு.

பச்சையாக வெட்டிய கட்டையில் ஏறத்தாழப் பாதி எடை தண்ணீர்தான். அப்படி 100 கிலோ வாங்கி, அடுக்கி, காயவைத்து, ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கினால் அந்த அடுக்கு 62 கிலோ சொச்சம்தான் நிற்கும். வெட்டிக் கொண்டுவந்தவருக்கு 100 கிலோவுக்கும் காசு கொடுத்தாயிற்று. 37 கிலோ ஆவியாகிப் போனது. காயவைக்க இடம் வேண்டும், மாதக்கணக்கில் முதல் முடங்கும், இடையில் ஒரு மழை வந்தால் பாடு அத்தனையும் வீண். காயவைக்காமல் விற்றால், வாங்கியவர் தண்ணீருக்குக் காசு கொடுத்தது மட்டுமின்றி, அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து விரட்டவும் தன் விறகையே செலவழிக்க வேண்டும். கட்டையின் நுனியில் நுரை தள்ளும், உஸ்ஸென்று சத்தம் வரும், அடுப்பங்கரை முழுக்கப் புகை. அந்தத் தண்ணீரை யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் வழக்கு. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் அது தீர்ந்தபாடில்லை.

சித்தப்பா வாயால் வாதாட மாட்டார். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். ஈரம் மொத்தென்று விழும். "நீங்களே கேளுங்க மாஸ்டர்" என்பார். ஈரச் சரக்காக இருந்தால் அவரே முந்திக்கொண்டு எடையில் கழித்துவிடுவார். வாடிக்கையாளர் கேட்டுக் கழித்தால் அது தோல்வி, கேட்கும் முன்னே கழித்தால் அது தாராளம் என்பது அவர் கணக்கு. பிரியாணி மாஸ்டர்களிடம் மட்டும் இது செல்லாது. தம் போடுவதற்குக் கங்கு நின்று எரிய வேண்டும். சீமைக்கருவேலங்கட்டை கனமானது, கங்கு நிற்கும். ஆனால் கோணல்மாணலாக இருக்கும். கங்கும் வேண்டும், கட்டை நேராகவும் இருக்க வேண்டும் என்பார்கள். அப்படி ஒரு மரத்தை இனிமேல்தான் படைக்க வேண்டும். மயானத்துக்கு வாங்க வருகிறவர்கள் பேரமே பேச மாட்டார்கள். அவர்களுக்குச் சித்தப்பா யாரும் கேட்காமலே அடுக்கின் நடுவிலிருந்து காய்ந்ததாக உருவிக் கொடுப்பார்.

மதுரைக்காரர்களுக்கு விறகு வியாபாரத்தில் ஒரு முன்னோடி உண்டு. திருவிளையாடல் புராணத்தின் விறகு விற்ற படலத்தில், பாடகர் பாணபத்திரருக்காகச் சொக்கநாதரே விறகுச் சுமையோடு தெருத்தெருவாகப் போகிறார். கேட்டவர்களிடமெல்லாம் அதிக விலை சொல்லி, விற்காமலே பொழுதை ஓட்டி, சாயங்காலம் பாணபத்திரரோடு போட்டிக்கு வந்த பாடகன் ஏமநாதன் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் இறக்கிவைத்துப் பாடத் தொடங்குகிறார். ஆவணி மூலத் திருவிழாவில் அந்த லீலை இன்றும் நடக்கிறது. இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது, "சாமிக்குக் கடை வாடகை கிடையாதுல்ல" என்றார்.

சீமைக்கருவேலம் எங்கிருந்து வந்தது என்று நான் தேடப் போனதற்குக் காரணமானவர் ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார். வெந்நீர் அடுப்புக்கு வாராவாரம் சின்னக் கட்டாக வாங்குவார். லோடு எடுப்பவர்களைவிட அதிகம் பேசுவார். ஒருநாள் விலை கேட்டவர், "கொள்ளையா இருக்கேப்பா. காமராசர் ஆஸ்திரேலியாவுலருந்து விதை கொண்டாந்து தூவுனாரு, வறண்ட சீமைச் சனம் விறகு வெட்டியாவது பிழைக்கட்டும்னு. சும்மா மொளச்சதுக்கு நீ இந்த வெலை சொல்ற!" என்றார். பக்கத்தில் நின்ற மாஸ்டர் ஒருவர், "அதெல்லாம் இல்ல சார், நம்ம நெலத்தடித் தண்ணிய உறிஞ்சணும்னு வெள்ளக்காரன் போட்டுட்டுப் போன சதி" என்றார். சித்தப்பா என்னைப் பார்த்து, "படிச்சவன்தானே, நீ சொல்லு" என்றார். எனக்குத் தெரியவில்லை.

முதலில் முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் போனேன். கரிமூட்டம் போடுகிறவர்கள் கட்டையைக் கூம்பாக அடுக்கி, வைக்கோலும் மண்ணும் மூடி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரி எடுக்கிறார்கள். அந்த மரத்தோடு பொழுதன்னைக்கும் புழங்குகிறவர்களுக்கு அதன் வரலாறு தெரியும் என்று நினைத்தேன். அவர்களும் காமராசர் என்றார்கள். ஒரு பெரியவர் மட்டும், தன் தாத்தா காலத்திலேயே வேலியில் ரெண்டொன்று நின்றதாகச் சொன்னார். யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை.

பிறகு நூலகங்களில் உட்கார்ந்தேன். வனத்துறைக் கட்டுரைகள் கொடுக்கும் விவரம் தெளிவாகவே இருக்கிறது. சென்னை மாகாணத்தின் வடக்கு வட்ட வனக் காப்பாளராக இருந்த பெட்டோம் என்ற ஆங்கிலேயர், வறண்ட நிலங்களில் நட இந்த மரத்தின் விதையைத் தருவித்துத் தரும்படி 1876இல் அரசுக்கு எழுதுகிறார். 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை வருகிறது. கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் நடுகிறார்கள். காமராசர் விருதுநகரில் பிறந்தது 1903இல். அவர் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே மரம் கடப்பையில் வேர் பிடித்துவிட்டது. அதன் சொந்த ஊரும் மெக்சிகோ, கரீபியன், தென் அமெரிக்காவின் வடபகுதி. ஆஸ்திரேலியாவுக்கே அது வெளியிலிருந்து போன செடிதான். அப்படியானால் ஆஸ்திரேலியா கதைக்குள் எப்படி நுழைந்தது? சவுக்கும் யூக்கலிப்டஸும் அந்தப் பக்கத்து மரங்கள். மூன்றும் விறகுக் கடையில் ஒன்றாக அடுக்கப்படுகின்றன, ஊர் நினைவிலும் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கலாம் என்பது என் ஊகம். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தவர் மேல் மரத்தின் பெருக்கத்தையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள்.

மாஸ்டர் சொன்னதில் வெள்ளைக்காரன் என்பது சரி. சதி என்பது? அதற்கு ரயில் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது. நிலக்கரி வங்காளத்தில் கிடைத்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்ததோ விலை கட்டுபடியாகவில்லை. ஆகவே தெற்கத்தி எஞ்சின்கள் வெகுகாலம் விறகைத்தான் தின்றன. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்கும் மரம் வேண்டும். ரயில் ஓடிய அதே 1856இல்தான் கிளெக்ஹார்ன் என்பவர் மாகாணத்தின் முதல் வனக் காப்பாளராக நியமிக்கப்படுகிறார். ரயிலுக்காகக் காடு கரைவதைக் கண்டு கவலைப்பட்டு அவர் எழுதியவற்றில் பல, 1861இல் வெளியான அவருடைய நூலில் இருக்கின்றன. அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்தவர்தான் பெட்டோம்.

இதைப் படித்தபோது எனக்குக் கடை வாசல் நினைவுக்கு வந்தது. பேரம் பேசாத, தவணை தவறாத, நின்றால் நஷ்டமென்று மிரட்டுகிற ஒரு வாடிக்கையாளர் வந்து நிற்கிறார். அவருக்குப் பசி அடங்குவதில்லை. இருக்கிற அடுக்கு காலி. கடைக்காரர் என்ன செய்வார்? சீக்கிரம் வளர்வது எது, தண்ணீர் கேட்காதது எது, ஆடு மாடு இலை கடிக்காதது எது, வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைப்பது எது என்று தேடுவார். கடற்கரை மணலில் ரயிலுக்கென்று சவுக்குத் தோப்புகள் வைத்தார்கள். சவுக்கு ஏறாத வறண்ட உள்நாட்டுக்கு இந்த முள். நம் ஊரை வறளடிக்கத் திட்டமிட்டதாக நான் பார்த்ததில் எங்கும் இல்லை. இருந்ததெல்லாம் விறகுப் பஞ்சமும் அவசரமும்தான். கேட்டவனுக்கு இல்லையென்று சொல்லத் தெரியாத கடைக்காரர் செய்கிற வேலை அது. பின்விளைவை எண்ணிப் பார்க்கவில்லை என்ற குற்றம் மட்டும் நிற்கிறது, அதுவும் சின்னதில்லை. மாடும் ஆடும் இலையை விட்டுவிட்டு நெற்றைத் தின்றன. சாணத்தோடு விதை கண்மாய்க்குள் போய்விட்டது.

கண்மாயைக் காலி செய்யச் சொல்லி வழக்கும் வந்தது. வைகோ போட்ட பொதுநல வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் தென்மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னது. ஊரே அரிவாளோடும் பொக்லைனோடும் இறங்கியது. எல்லார் வாசலிலும் கட்டை, எல்லாம் பச்சை. சித்தப்பாவிடம் வாங்க ஆளில்லை. விற்கத்தான் வரிசையாக வந்தார்கள். வாடிக்கையாளராக இருந்தபோது ஈரத்துக்காகச் சண்டை போட்டவர்கள், விற்க வந்ததும் "நல்லாக் காஞ்சதுண்ணே" என்று சத்தியம் செய்தார்கள். அவர் அதே போல இரண்டு கட்டைகளைத் தட்டிக் காட்டினார். அந்த ஆண்டே நீதிமன்றம் அகற்றும் வேலைக்கு இடைக்காலத் தடை போட்டது. வெட்டிவிட்ட தூர்கள் அதற்குள் தழைக்கத் தொடங்கியிருந்தன.

கண்டுபிடித்ததையெல்லாம் வாத்தியாரிடம் சொன்னேன். கமலாபுரம், ஜமைக்கா, 1877, ரயில். பொறுமையாகக் கேட்டார்.

"இதெல்லாம் எழுதி வச்சது யாரு?"

"வெள்ளைக்காரங்கதான் சார், வனத்துறை."

"அவன் அப்பிடித்தான் எழுதுவான். காமராசர் செஞ்சது அவன் கணக்குல எப்பிடி வரும்?"

1877க்கும் 1903க்கும் உள்ள வித்தியாசத்தை விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். அதற்குள் அவர் குனிந்து ஒரு கட்டையை எடுத்து வெட்டுமுகத்தை முகர்ந்துகொண்டிருந்தார்.