ரீமேப்புக்கு முன்னால் ரேடியேட்டர்

டிராவலர் வேனை வாங்கி, கட்டிலும் அடுப்பும் வைத்துக் கேரவன் ஆக்கியவர்கள் மேட்டுப்பாளையத்தில் என் பட்டறைக்கு வந்தால் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, மேடு ஏற மாட்டேங்குது. ரீமேப் பண்ணிக் குடுங்க."

பண்ணலாம். ஆனால் ரீமேப், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதுவது, என்றால் கூடுதல் டீசல், கூடுதல் டீசல் என்றால் கூடுதல் சூடு. எரிகிற டீசலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கிறது. மீதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே போயாக வேண்டும். இங்கிருந்து ஊட்டிக்குச் சுமார் 1,900 மீட்டர் ஏற்றம். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் ஊரும்போது எதிர்க்காற்று ஏது? விஸ்கஸ் ஃபேன்தான் இழுக்க வேண்டும். ஏ.சி. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பூச்சியும் தூசியும் அடை அடையாக அப்பியிருந்தால் அந்த ஃபேனும் என்ன செய்யும்?

மலையில் எஞ்சின் கொதிப்பதற்கு ஊர் வைத்தியம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. சமவெளியில் எஞ்சின் சூடேறாமலே ஓடி, கரி பிடித்து, மைலேஜையும் தின்னும். சில எஞ்சின்களில் பைபாஸ் வழியை மூடுவதும் அதே தெர்மோஸ்டாட்தான். அது இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பிவிடும்; மலையில் முன்னைவிட அதிகமாகக் கொதிக்கும்.

சந்தேகம் இருந்தால் சோதிப்பது சுலபம். வால்வு இடுக்கில் ஒரு நூலைக் கடிக்கவிட்டு, பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பை ஏற்ற வேண்டும். பக்கத்தில் தெர்மோமீட்டர். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டி வால்வு திறக்கும், நூல் நழுவும், தெர்மோஸ்டாட் டொக்கென்று அடியில் விழும். 95 ஆகியும் தொங்கிக்கொண்டிருந்தால் குப்பைக்கு.

ரேடியேட்டர் மூடியையும் யாரும் மதிப்பதில்லை. ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் எஞ்சின் தண்ணீர் அதைத் தாண்டியும் அடங்கிக் கிடக்கிறது. ரப்பர் போன மூடியோடு மலையேறிவிட்டு எஞ்சினைத் திட்டுகிறார்கள்.

டேஷ்போர்டு முள்ளையும் நம்ப வேண்டாம். பல வண்டிகளில் சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அது நடுவிலேயே நிற்கும். ஸ்கேனரை மாட்டி எண்ணைப் பார்த்துக்கொண்டே குன்னூர்வரை ஓட்டச் சொல்வேன். எண் நிலையாக நின்றால் ரீமேப்பைப் பற்றிப் பேசலாம். அதற்குள் செலவில்லாமல் ஒன்று செய்யலாம்: எடை குறைய, கேரவனின் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை இங்கேயே காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஊட்டியிலும் தண்ணீர் இருக்கிறது.