இரத்தம் குடிக்காத காதலன்

பேயும் பிசாசும் பித்தர் கற்பனை என்று கூறி இந்தக் கதையை ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை, தோழர்களே! அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெபனி மேயர் 2005-இல் தொடங்கிய ‘ட்விலைட்’ நூல்வரிசை 10 கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. விரும்பிப் படித்தோருள் இளம்பெண்கள் ஏராளம். அவர்களெல்லாம் பேயை நம்புகிறவர்களா? பேயென்றால் நம்மைவிட உரக்கச் சிரிப்பவர்கள்!

பின் எதைத் தேடினர்? 1897-இல் பிராம் ஸ்டோக்கர் படைத்த டிராகுலா, கோட்டையில் வாழும் கிழட்டுப் பிரபு. கண்டால் ஓடத் தோன்றும். மேயரின் எட்வர்டோ, 1901-இல் பிறந்து, 1918-இன் கொள்ளைக் காய்ச்சலில் சாகுந் தறுவாயில் இரத்தக்காட்டேரியாக்கப்பட்டு, என்றும் 17 வயதினனாய் நிற்பவன். பெல்லாவின் குருதிமீது அவனுக்குத் தீராத வேட்கை. ஆயினும் பருகாமல் தன்னை அடக்குகிறான். ‘என்னிடம் அப்படி என்ன இருக்கிறது?’ என்று கண்ணாடிமுன் ஏங்கும் பெண்ணிடம், ஒரு நூற்றாண்டாக எவரையும் நாடாதவன் உன்னைத்தான் நாடினான் என்கிறது கதை. அந்த ஏக்கத்தை நாம் எள்ளி நகையாடோம்.

நம்மை உறுத்துவது அவன் பல் அல்ல, அவன் காவல்! அவளறியாமல் இரவில் அறைக்குள் புகுந்து, அவள் உறங்குவதைப் பார்த்திருக்கிறான். மூன்றாம் நூலிலோ, நண்பனைக் காண அவள் போகாதபடி வண்டிப் பொறியின் உறுப்பொன்றையே கழற்றிவிடுகிறான். உயிருள்ள ஒருவன் இதைச் செய்தால் அடக்குமுறை என்போம். அழகிய பேய் செய்தால் அன்பாம்!

நான்காம் நூலில் அவளும் அவனுக்கு நிகராகிறாள்; சில காலம் அவனை விஞ்சும் வலிமையும் பெறுகிறாள். அதற்கு முன் அவள் இதயம் நின்றாக வேண்டியிருந்தது.