கடைமடை அறை

அம்மா ஒருதடவைகூடக் குளிருதுன்னு சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் நான் செய்த எல்லாத் தப்பும் அதை அப்படியே நம்பியதால் வந்ததுதான்.

அப்பா போன மறுவருஷம் அக்டோபர் கடைசியில், ஆறு மாத விசிட்டர் விசாவில் அம்மா வந்தாள். இங்கிலாந்தில் ரெடிங்கில் எங்கள் வீடு, 1930-களில் கட்டியது. கீழே முன்கதவைத் திறந்ததும் ஒரு நடை, ஹால், சாப்பாட்டு அறை, பின்பக்கம் சமையலறை. மேலே இரண்டு படுக்கையறை, குளியலறை, அப்புறம் வாசலுக்கு நேர் மேலே ஒரு கட்டில் மட்டும் கொள்ளும் பொடி அறை. அதைத்தான் அம்மாவுக்குக் கொடுத்தோம். "சின்ன ரூம், சீக்கிரம் சூடாகிடும்" என்று நானே சொன்னேன். இன்ஜினியர் சொன்னால் வீட்டில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த சென்ட்ரல் ஹீட்டிங் சமாச்சாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சமையலறையில் ஒரு பாய்லர். கேஸில் தண்ணீரைச் சூடாக்கும். ஒரு பம்ப் அந்தத் தண்ணீரைத் தரைப்பலகைக்கு அடியில் ஓடும் குழாய்களில் தள்ளும். அறைக்கு ஒரு ரேடியேட்டர், எங்கள் வீட்டில் மொத்தம் ஏழு. ஒரு குழாயில் சுடுதண்ணீர் உள்ளே வரும், சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு இன்னொரு குழாய் வழியாக பாய்லருக்கே திரும்பும். எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்று பாய்லருக்குச் சொல்வது நடையில் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்.

"குளிருதாம்மா?"

"இல்ல தம்பி, நல்லாத்தான் இருக்கு."

தினமும் ஆபீஸ் வேலைக்கு நடுவில் இந்தக் கேள்வி, இந்தப் பதில். கேட்டதெல்லாம் ஹாலில் வைத்து.

டிசம்பரில் மகளுக்குக் காய்ச்சல். அன்றைக்கு மட்டும் ராத்திரி ஹீட்டிங்கை அணைக்கவில்லை. இரண்டரை மணிக்குத் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கினேன். நடையில் லைட் போடாமல், ஸ்வெட்டர், குல்லா, இரண்டு ஜோடி சாக்ஸோடு அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். முதுகு ரேடியேட்டரில் சாய்ந்திருந்தது. திருடியது மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தாள்.

"தூக்கம் வரல. முதுகுக்கு இதமா இருந்துச்சு, அதான்."

காலையில் மகள் அறையிலிருந்த சின்ன தெர்மாமீட்டரை எடுத்து அம்மாவின் கட்டிலில் வைத்தேன். 14.5 டிகிரி. கீழே நடையில் 20. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லியிருக்கிறது. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. ஏழு வாரமாக அந்த அறையில் படுத்திருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை ஆரம்பித்தேன். முதலில் எல்லோரும் செய்யும் தப்பையே நானும் செய்தேன். ரேடியேட்டரில் 1-லிருந்து 5 வரை நம்பர் போட்ட குமிழை 5-க்குத் திருப்பினேன். அது ஆக்சிலரேட்டர் இல்லை. அறை எவ்வளவு சூடானதும் மூடிக்கொள்ள வேண்டும் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும், வராத சூட்டை அதனால் கொண்டுவர முடியாது. அடுத்து தெர்மோஸ்டாட்டை 23-க்கு ஏற்றினேன். ஹாலில் மனைவி ஜன்னலைத் திறந்தாள். அம்மா அறை ஒரு டிகிரி ஏறியது.

பிறகு காற்று. ரேடியேட்டரின் மேல்பாதி மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம். சாவி போட்டுத் திருகினேன். உஸ்ஸென்ற சத்தம் வரவில்லை, உடனே தண்ணீர்தான் வந்தது. கீழ்ப்பாதி மட்டும் குளிர்ந்திருந்தால் துருச் சேறு. அதுவும் இல்லை. முழுசும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு.

கடைசியில் ஆபீஸில் பக் தேடுவது போல, மற்ற ஆறு ரேடியேட்டரையும் மூடிவிட்டு இதை மட்டும் ஓட விட்டேன். பத்தே நிமிஷம். கை வைக்க முடியவில்லை.

ஆக ரேடியேட்டர் நல்லாத்தான் இருக்கிறது. அதற்குத் தண்ணீர்தான் வந்து சேரவில்லை.

தரையில் உட்கார்ந்து குழாய் போகும் வழியைப் பேப்பரில் வரைந்தேன். பாய்லர், சாப்பாட்டு அறை, நடை, ஹால், அப்புறம் மேலே. அம்மா டார்ச் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இது நம்ம வாய்க்கா மாதிரில்ல இருக்கு."

எங்கள் நிலம் திருத்துறைப்பூண்டிப் பக்கம். காவிரிக்குக் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12 திறந்தார்கள் என்று பேப்பரில் படம் வரும், கல்லணையில் பூத்தூவுவார்கள். எங்கள் வாய்க்காலில் தவளைகூடக் கத்தாது. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கரையோடவே மேலே போவார், எந்த மடையில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்க.

"உன் ரூம்லேருந்து எல்லா மடையும் தொறந்து கெடக்கு. கடைசில எனக்கு என்னா வரும்?" குற்றம் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிறாள். "முன்னாடி உள்ளத இறக்கணும். அடைச்சிடாத, இறக்கு. அவங்களுக்கும் பாயணும்ல."

ஒவ்வொரு ரேடியேட்டரிலும் நம்பர் குமிழுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு வால்வு இருக்கிறது. வெள்ளை மூடி போட்டிருக்கும், யாரும் தொடமாட்டார்கள். அதுதான் மடை. எல்லாவற்றையும் முழுசாகத் திறந்து, ஆறவைத்து, பாய்லரைப் போட்டு, எது எப்போது சூடாகிறது என்று குறித்தேன். சாப்பாட்டு அறை இரண்டு நிமிஷம், நடை மூன்று. அம்மா அறை இருபத்தாறு. முதல் ரேடியேட்டரை முழுக்க மூடி, கால் சுற்று மட்டும் திறந்தேன். அடுத்ததைக் கொஞ்சம் கூடுதலாக, அதற்கடுத்ததை இன்னும் கூடுதலாக. கடைசியில் அம்மா அறை, முழுசாக. பிறகு உள்ளே வரும் குழாய்க்கும் திரும்பும் குழாய்க்கும் சுமார் 12 டிகிரி வித்தியாசம் வரும்வரை ஒவ்வொன்றாகத் திருகித் திருகிச் சரிசெய்தேன். சாயங்காலம் ஆகிவிட்டது.

நடை மடையை இறக்கியதில் இன்னொன்றும் நடந்தது. இத்தனை நாளும் நடை சீக்கிரம் 20-ஐத் தொட்டதும், வீடு முழுக்கச் சூடாகிவிட்டது என்று தெர்மோஸ்டாட் பாய்லரை அணைத்துக்கொண்டிருந்தது. அது நின்ற இடம் அப்படி. இப்போது நடை மெதுவாகச் சூடாகிறது, பாய்லர் கூடுதல் நேரம் ஓடுகிறது, மேலே போய்ச் சேருகிறது.

"தலமடக்காரன் கெட்டவனாம்மா?" என்று அன்றைக்கு ராத்திரி சும்மா கேட்டேன்.

"அவன் என்னா செய்வான். தண்ணி அவன் வாசல் வழியா போவுது. கடைசில ஒருத்தன் இருக்கான்னு அவனுக்கு ஞாபகம் வராது."

அன்று பதினோரு மணிக்கு அம்மா அறையில் 18.5. காலையில் ஹால் சூடாக இருபது நிமிஷம் கூடுதலாக ஆனது. மகள் போர்வையோடு வந்து முனகினாள். முனகட்டும் என்று விட்டேன்.

ஏப்ரலில் அம்மா ஊருக்குப் போய்விட்டாள். கூடவே இருந்துவிடச் சொல்லிக் கேட்டேன். சிரித்தாள். அவ்வளவு பெரிய வீட்டில் இப்போது அவள் ஒருத்தி. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசுகிறோம். "எப்படிம்மா இருக்க?" என்றால் அதே பதில்தான்: "நல்லாத்தான் இருக்கேன் தம்பி."

அந்த வீட்டில் தெர்மாமீட்டர் வைக்க எனக்கு வழியில்லை. அதனால் எப்படி இருக்க என்று கேட்பதை விட்டுவிட்டேன். ராத்திரி என்ன சமைச்ச, எத்தனை மணிக்கு எழுந்த, மறுபடி எப்ப தூங்கின என்று கேட்கிறேன். போன வாரம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரெண்டரைக்கு எழுந்தேன்" என்றாள்.