வாவிக்கரைச் சிற்றரசர்

புளியந்தீவுக் கோட்டை வாயிலில் நின்று மட்டக்களப்பு வாவியை நோக்குவோர்க்கு, இவ்வூரின் வரலாறே மேனாட்டாருடன்தான் தொடங்கிற்றோ என்னும் மயக்கம் உண்டாகும். போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டில் எழுப்பிய கோட்டை அது; 1638 மே 18ஆம் நாள் ஒல்லாந்தர் கைப்பற்றினர். மாசி மாதத்தில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு சென்றிருந்தோம். "ஐயா, கோட்டைக்கு முன் இங்கு ஆண்டவர் யார்?" என்று ஒருவன் வினவினான். நல்ல கேள்வி, நாமே முந்திக்கொண்டு சொல்லியிருக்க வேண்டியது.

அவர் பெயர் தர்மசங்கரி. கண்டி மன்னன் முதலாம் விமலதர்மசூரியனுக்கு அடங்கி இந்நாட்டை ஆண்டவர். 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தத் தளபதியின் கப்பல் இக்கரையை அடைந்தது. வந்தவர் கேட்டவை மிளகும் கறுவாவும். தர்மசங்கரிக்கோ ஐயம்: இவரும் போர்த்துக்கேயரோ? ஐயுற்றதில் பிழை என்ன? கடலில் போர்த்துக்கேயரின் பீரங்கி, மலையில் மன்னனின் சினம், இடையில் இவர். வாவிக்கரையின் செல்வம் நெல். கறுவாவோ மலைநாட்டு மன்னன் கையிலிருந்தது. ஆகவே ஸ்பில்பேர்கன் கண்டிக்கு ஏறினான். மன்னனோடு நட்பும் கொண்டான்.

அந்நட்பு ஓராண்டும் நிலைக்கவில்லை. அடுத்து வந்த டி வேர்ட் என்னும் தளபதி, போர்த்துக்கேயர் கப்பல்களைப் பிடித்தும் அவற்றிலிருந்தோரை விடுவித்துவிட்டான். மன்னன் வெகுண்டான். 1603ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு இறங்கிவந்த அவனிடம், டி வேர்ட் மதுமயக்கத்தில் அரசியைக் குறித்துத் தகாத சொல் சொன்னான் என்பர். அவ்விடத்திலேயே அவனும் உடன்வந்தோர் பலரும் வெட்டுண்டனர். பெரியவர் இருவர் பிணங்கினர். குருதி சிந்தியது சிற்றரசர் மண்ணில்.

தர்மசங்கரியின் பெயரை இன்று நாம் அறிவதற்கு அந்த ஒல்லாந்தரின் பயணக் குறிப்பே பெருந்துணை. நம்மவர் ஒருவரைப் பிறர் ஏட்டில் தேடவேண்டியிருப்பது சற்றே உறுத்தத்தான் செய்கிறது.

பழைய மட்டக்களப்பு சம்மாந்துறைப் பக்கத்தில் இருந்ததென்பர் ஆய்வோர். எனவே கல்லடிப் பாலத்தைக் கடந்து எழுவான்கரை வழியே தெற்கு நோக்கிச் சென்றோம். வலப்புறம் வாவி கூடவே வந்தது. அதற்கப்பால் படுவான்கரை வயல்கள். சம்மாந்துறையில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. களத்து மேட்டில் நெல்லைக் காயவிட்டிருந்தார்கள். கேள்வி கேட்ட மாணவன் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்தான்.